செக் ஆர்கெஸ்ட்ராவில் டபுள் பாஸ் வாசிக்க: பள்ளி, கோன்குர்ஸ் (ஆர்கெஸ்ட்ராத் தேர்வு), வேலை, கற்பித்தல்

செக் நாட்டில் வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய வாத்தியமான டபுள் பாஸ் வாசித்து வாழ நினைப்பவர் ஆர்கெஸ்ட்ரா வேலையையும் ஆசிரியர் வேலையையும் ஒரே தொழிலாகப் பார்க்கப் பழக வேண்டும். காலையில் ஒத்திகை, மதியம் மாணவர்கள், இரவில் ஓபரா என்பதுதான் அங்கே பல பாஸ்காரர்களின் நாள். இருநூறு ஆண்டுகளாக இதுதான் நடக்கிறது. பிராக் கன்சர்வேட்டரி (இசைப் பள்ளி) 1808-ல் நிறுவப்பட்டு 1811-ல் வகுப்புகளைத் தொடங்கியபோது பாஸ் வகுப்பை எடுத்தவர் வாட்ஸ்லாவ் ஹௌஸே. அவருடைய மாணவர் யோசெஃப் ஹ்ராபே. ஹ்ராபேயிடம் படித்தவர் பிளாட்னாவில் 1840-ல் பிறந்த ஃப்ரான்டிஷெக் ஸிமாண்ட்ல். வியன்னா அரசவை ஓபராவில் வாசித்துக்கொண்டே அங்குள்ள கன்சர்வேட்டரியில் கற்பித்த அவர் எழுதிய பயிற்சி நூல்தான் இன்றும் உலகமெங்கும் பாஸ் மாணவர்களின் கையில் இருக்கிறது. அவரிடம் படித்த அடால்ஃப் மீஷெக் (1875–1955) வியன்னாவில் கற்பித்துவிட்டு பிராகுக்குத் திரும்பினார்; அவருடைய மூன்று சொனாட்டாக்கள் இன்றும் தேர்வு மேடைகளில் ஒலிக்கின்றன.

பாடநூல் எழுதியவர்களே ஓபரா குழியில் வாசித்தவர்களும் என்பதால் செக் பாஸ் முறை, கச்சேரித் தனி வாசிப்பைவிட ஆர்கெஸ்ட்ராப் பகுதிகளைக் கீழ் பொசிஷன்களில் (கழுத்தின் மேல் முனைக்கு அருகே இடது கை நிற்கும் இடங்களில்) சுருதி பிசகாமல் வாசிப்பதற்கென்றே அமைந்தது. இந்த நோக்கம் பிடிபட்டால் கீழே வரும் பயிற்சிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் பிடிபடும்.

இடது கை: ஒன்று, இரண்டு, நான்கு

ஸிமாண்ட்ல் முறையில் கீழ் பொசிஷன்களில் 1, 2, 4 விரல்கள் மட்டுமே ஸ்வரம் பிடிக்கும். மூன்றாவது விரல் நான்காவதற்குத் துணையாகத் தந்தியில் சேர்ந்து அமரும். 1-க்கும் 2-க்கும் இடையே அரைச்சுரம். 2-க்கும் 4-க்கும் இடையே அரைச்சுரம். மொத்தம் ஒரு முழுச்சுரம்.

நான்கு விரலையும் தனித்தனியே பயன்படுத்தினால் என்ன என்று செல்லோவிலிருந்து வருபவர்கள் கேட்பார்கள். அளந்து பாருங்கள். மேல் நட்டிலிருந்து (கழுத்தின் மேல் முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) குதிரை வரை 105 செ.மீ. தந்தி உள்ள கருவியில், அரை பொசிஷனில் (1-வது விரல் நட்டிலிருந்து அரைச்சுரம் தள்ளி) 1-வது விரலுக்கும் 4-வது விரலுக்கும் இடையே 10.8 செ.மீ. வருகிறது. 69 செ.மீ. தந்தியுள்ள செல்லோவில் முதல் பொசிஷனில் அதே இரண்டு விரல்களுக்கு இடையே 9.8 செ.மீ.தான், ஆனால் அங்கே அந்த இடைவெளிக்குள் ஒன்றரைச் சுரம் அடங்கிவிடுகிறது. பாஸில் ஒரு முழுச்சுரத்துக்கே கை அதைவிட விரிய வேண்டும். நான்கு விரலுக்கும் ஒவ்வொரு அரைச்சுரம் கொடுத்தால் கை விறைக்கும். விறைத்த கை இரண்டு மணி நேர ஓபராவைத் தாங்காது.

இடைவெளி எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் பொசிஷனில் 10.2 செ.மீ. ஜி தந்தியில் மேலே டி ஸ்வரம் வரும் இடத்துக்கு 1-வது விரல் போகும்போது 7.6 செ.மீ. மாணவர்கள் சுருதி தவறும் இடங்களில் பாதி இங்கேதான்: கீழே விரித்த கையை அப்படியே மேலே தள்ளிக்கொண்டு போகிறார்கள், 4-வது விரல் ஏறி ஒலிக்கிறது. திருத்த வழி எளிது. ஒரே தந்தியில் 1-2-4 வாசித்து, அரைச்சுரம் நகர்ந்து, மறுபடி 1-2-4. ஒவ்வொரு நகர்விலும் கை சிறிது மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மெட்ரோனோம் 60-ல், ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு அடி. பின்னணியில் வெற்றுத் தந்தி ஒலியையோ ஒரு நிலைச் சுருதியையோ ஓடவிடுங்கள். டியூனரின் முள்ளைப் பார்த்து வாசித்தால் காது சோம்பேறியாகிவிடும்.

பெருவிரல் இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், கழுத்தின் நடுவில் நிற்கட்டும். அது கழுத்தை நெரிக்கிறதா என்று சோதிக்க, வாசிக்கும்போதே ஒரு கணம் பெருவிரலை எடுத்துப் பாருங்கள். கருவி தோளில் சரியாகச் சாய்ந்திருந்தால் ஸ்வரம் சாகாது. செத்தால், விரல்கள் கையின் எடையால் அழுத்தவில்லை, கிடுக்கியாகப் பிடிக்கின்றன என்று பொருள். மணிக்கட்டு வலி தொடங்குவது அங்கிருந்துதான்.

சுருதி சேர்த்தல்

நான்கு தந்திகள் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி. ஈ 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98. எழுத்தில் உள்ளதைவிட ஓர் ஆக்டேவ் கீழே ஒலிக்கும். இவ்வளவு கீழே மனிதக் காது சுருதி வித்தியாசத்தை நம்பகமாகப் பிடிக்காது. ஆகவே ஹார்மோனிக்ஸ் (தந்தியை அழுத்தாமல் தொட்டு எழுப்பும் மேல் ஒலிகள்) மூலம் சேர்ப்பதே வழக்கம்.

முதலில் ஓபோவின் ஏ-க்கு ஏ தந்தியைச் சேர்க்கவும். பிறகு ஏ தந்தியின் நான்கில் ஒரு பங்கில் (105 செ.மீ. தந்தியில் நட்டிலிருந்து 26 செ.மீ. சுமார்) விரலை மெல்லத் தொட்டு வாசியுங்கள், டி தந்தியின் மூன்றில் ஒரு பங்கில் (35 செ.மீ.) தொட்டு வாசியுங்கள். இரண்டும் 220 ஹெர்ட்ஸில் ஒரே ஏ-யாக ஒலிக்க வேண்டும். அலையடித்தால் டி-யின் பிருடையைத் திருப்புங்கள். டி-யின் நான்கில் ஒன்று ஜி-யின் மூன்றில் ஒன்றோடும், ஈ-யின் நான்கில் ஒன்று ஏ-யின் மூன்றில் ஒன்றோடும் இதே வகையில் பொருந்தும். மேடையில் பித்தளை வாத்தியங்கள் ஊதிக்கொண்டிருக்கும்போதும் இது கேட்கும். ஆர்கெஸ்ட்ராவின் ஏ 440-ஆ 442-ஆ என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வில்

செக் மரபில் பிடிப்பது ஜெர்மன் வில், கீழிருந்து. வில்லின் பிடிமுனையில் முடியைத் தாங்கும் கட்டை உள்ளங்கைக்குள் அமரும். பெருவிரல் குச்சியின் மேல். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் குச்சியின் பக்கவாட்டில். சுண்டு விரல் கட்டைக்கு அடியில் தாங்கும். மேலிருந்து பிடிக்கும் பிரெஞ்சு வில்லோடு வருபவரைத் துரத்திவிடுவதில்லை. ஆனால் குழு முழுவதும் ஜெர்மன் வில்லாக இருக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் வேறு வில்லோடு அதே வெட்டைக் கொண்டுவருவது கூடுதல் வேலை.

ஈ தந்தியில் வில் குதிரையிலிருந்து சற்றுத் தள்ளியும், ஜி தந்தியில் சற்று நெருங்கியும் ஓட வேண்டும். தடித்த தந்திக்கு மெதுவான வில், அதிக எடை. எடை தோளிலிருந்து வரட்டும், மணிக்கட்டிலிருந்து அல்ல. ஸ்வரம் தொடக்கத்தில் கரகரத்தால் வில் தந்தியைப் பிடிக்கும் முன்பே இழுத்துவிட்டீர்கள். முதலில் வைத்து, கடித்து, பிறகு இழுக்க வேண்டும். சீட்டி அடித்தால் வில் குறுக்காக ஓடுகிறது, அல்லது எடை இல்லாமல் வேகம் மட்டும் இருக்கிறது. ரோசின் அதிகமாகப் பூசுவது பலர் கண்டுகொள்ளாத தவறு. தந்தியில் வெள்ளைப் படலம் கண்டால் ஒவ்வொரு வாசிப்புக்கும் பின் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

பள்ளிப் பாதை

தொடக்கம் பெரும்பாலும் ஸூஷ் எனப்படும் அடிப்படைக் கலைப் பள்ளியில். ஊருக்கு ஊர் உண்டு. முதல் நிலை 7 ஆண்டுகள் வரை, இரண்டாம் நிலை 4 ஆண்டுகள் வரை. பாஸுக்கு வருபவர்களில் பலர் முதலில் செல்லோவோ பியானோவோ கற்றவர்கள்; குழந்தைகளுக்கு எட்டில் ஒரு பங்கு, கால் பங்கு அளவுக் கருவிகள் பரவலான பிறகு ஏழு, எட்டு வயதிலேயே பாஸில் தொடங்குவதும் நடக்கிறது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் கன்சர்வேட்டரி. பிராக், பிர்னோ, ஓஸ்ட்ராவா, க்ரொம்யெர்ஜீஷ், பார்துபிட்ஸே, தெப்லிட்ஸே என்று பல ஊர்களில் உண்டு. திறன் தேர்வு ஜனவரியில், விண்ணப்பம் அதற்கு முந்தைய நவம்பரில் என்பது வழக்கம். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேல்கள், ஒரு எட்யூட் (பயிற்சிக்கென எழுதிய படைப்பு), ஒரு மேடைப் படைப்பு; கூடவே காது சோதனையும் இசைக் கோட்பாடும். பதினைந்து வயதுக்காரரிடம் குழு பார்ப்பது சரியான கை அமைப்பையும் காதையும்தான். கடினமான படைப்பைத் தட்டுத்தடுமாறி வாசித்தால் நட்டம். எளியதைச் சுத்தமாக வாசிப்பவரைத்தான் எடுப்பார்கள். ஆறு ஆண்டுப் படிப்பு. நான்காம் ஆண்டுக்குப் பின் மட்டுரிடா என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதலாம். முடிவில் அப்ஸொலுடோரியம் என்ற கன்சர்வேட்டரி நிறைவுத் தேர்வு, பெயருக்குப் பின் டிஎஸ் (DiS.) பட்டம்.

அதற்கு மேல் பிராகில் ஹாமு, பிர்னோவில் யாமு என்ற உயர்கல்வி நிறுவனங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் செக் மொழியில் படித்தால் கல்விக் கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில் படிப்பவர் கட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஓராண்டைச் செக் மொழிக்கே ஒதுக்குவது நல்லது. ஒத்திகையில் நடத்துநர் ஆங்கிலம் பேசலாம். பக்கத்தில் நிற்பவர் "ஐந்தாவது பாரிலிருந்து மேல் வில்" என்பதைச் செக்கில்தான் சொல்வார்.

கோன்குர்ஸ்: உண்மையான வாசல்

ஆர்கெஸ்ட்ராத் தேர்வுக்குச் செக்கில் கோன்குர்ஸ் என்று பெயர். செக் ஃபில்ஹார்மோனிக், பிராக் ஸிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா, வானொலி ஆர்கெஸ்ட்ரா, தேசிய நாடக அரங்கு, பிர்னோ ஃபில்ஹார்மோனிக், ஓஸ்ட்ராவாவின் யானாசெக் ஃபில்ஹார்மோனிக் என எதில் இடம் காலியானாலும் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான்: பல சுற்றுகள், பல இடங்களில் முதல் சுற்று திரைக்குப் பின்னால்.

முதல் சுற்றில் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான டிட்டர்ஸ்டோர்ஃப் அல்லது வாஞ்ஹாலின் கான்செர்ட்டோவின் (ஆர்கெஸ்ட்ரா துணையோடு தனி வாசிப்புக்கான படைப்பு) முதல் பகுதி, கடென்சாவோடு (துணையின்றி வாசிக்கும் பகுதி). இவை எழுதப்பட்டது வியன்னாவின் பழைய ஐந்து தந்திச் சுருதியில். அந்தச் சுருதியில் விரலுக்குள் தானாக விழுந்த கோர்ட் முறிவுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) இன்றைய நான்காம் சுர இடைவெளிச் சுருதியில் தாவல்களாகிவிட்டன. ஒரே பாரில் நீண்ட நேரம் திணறுகிறீர்கள் என்றால் குறை உங்கள் கையில் மட்டும் இல்லை. அந்தத் தாவலுக்கு வேறு விரலமைப்பைத் தேடுங்கள்.

தனி வாசிப்புக்குத் தந்திகளை ஒரு முழுச்சுரம் ஏற்றி எஃப்-ஷார்ப், பி, ஈ, ஏ என்று வைப்பது வழக்கம். இதற்கென மெல்லிய தனித் தந்திகள் விற்கிறார்கள், அவற்றையே போடுங்கள். ஆர்கெஸ்ட்ராத் தந்தியை அப்படியே ஏற்றினால் இழுவிசை 26 சதவீதம் கூடும். மேல் பலகையும் குதிரையும் அதைத் தாங்க வேண்டும். தந்தி மாற்றிய பின் சுருதி நிலைக்கச் சில நாட்களாகும், ஆகவே தேர்வுக்கு முந்தைய நாள் மாற்றுவது தற்கொலை. ஒரே கருவியில் கான்செர்ட்டோவும் எக்ஸர்ப்ட்டும் (ஆர்கெஸ்ட்ராப் படைப்பிலிருந்து எடுத்த சிறு பகுதி) வாசிப்பதாக இருந்தால் ஆர்கெஸ்ட்ராச் சுருதியிலேயே இரண்டையும் வாசிக்கலாமா என்று கேளுங்கள். பியானோ துணைக்கு இரண்டு சுருதிகளிலும் தாள்கள் கிடைக்கின்றன. தவறான தாளை நீட்டினால் பியானோக்காரர் ஒரு முழுச்சுரம் தள்ளித் தொடங்குவார்.

கான்செர்ட்டோ உங்களை வீட்டுக்கு அனுப்பாமல் காப்பாற்றும். வேலை தருவது எக்ஸர்ப்ட்டுகள். எனவே பயிற்சி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவற்றுக்குக் கொடுங்கள்.

பெத்தோவனின் ஐந்தாம் ஸிம்ஃபனி, மூன்றாம் பகுதியின் நடுவில் வரும் ட்ரியோ. புள்ளியிட்ட ஹாஃப் நோட் 96 (நிமிடத்துக்கு 96 பார், பாருக்கு ஆறு ஸ்வரம்) என்பது பெத்தோவன் குறித்த வேகம். அதாவது நொடிக்கு 9.6 ஸ்வரங்கள். அந்த வேகத்தில் குறுகிய வில், வில்லின் நடுப்பகுதி, தந்தி மாறும் இடங்களில் முழங்கை முன்கூட்டியே நகர வேண்டும். பயிற்சியைப் புள்ளியிட்ட ஹாஃப் 60-ல் தொடங்கி, மூன்று முறை பிழையின்றி வந்த பிறகே 4 புள்ளி ஏற்றுங்கள். ஒன்பதாம் ஸிம்ஃபனியின் ரெசிடேட்டிவ் (பேசுவது போலப் பாடும் பாணியிலான பகுதி) இன்னொரு கட்டாயம். "ரெசிடேட்டிவின் தன்மையில், ஆனால் தாளத்தில்" என்று பெத்தோவனே எழுதிவைத்திருக்கிறார். திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் அந்த "ஆனால்" என்ற சொல்லைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பாடகரைப் போல இழுத்து, தாளத்தை விட்டுவிட்டால் அங்கேயே முடிந்தது.

ஸ்மெதனாவின் "விற்கப்பட்ட மணமகள்" முன்னுரை செக் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு வீட்டுப் பாடல் மாதிரி. இரண்டாம் வயலின்கள் தொடங்கும் ஓட்டம் மேலிருந்து கீழிறங்கி, கடைசியில் பாஸ்களிடம் வரும். ஹாஃப் நோட் 132 என்று எடுத்தால் (அதற்குள் நான்கு ஸ்வரங்கள்) நொடிக்கு 8.8 ஸ்வரங்கள், மெல்லிய ஒலியில். வேகத்தைவிட மென்மைதான் இங்கே சிரமம்: சத்தம் குறைக்க வில்லைத் தூக்கினால் தந்தி பிடிபடாமல் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கரையும். எடையைக் குறைக்காமல் வில்லின் நீளத்தைக் குறையுங்கள். ஒரு ஸ்வரத்துக்கு ஓரிரு செ.மீ. போதும்.

மாலர் முதல் ஸிம்ஃபனியின் மூன்றாம் பகுதித் தனி வாசிப்பும் தவறாமல் கேட்கப்படும் (மாலர் பிறந்ததும் போஹேமியாவின் கலிஷ்டேயில்தான்). மியூட் போட்ட கருவி, டிம்பனியின் டி-ஏ மட்டும் துணை. வீட்டில் ஒருவரை மேசையில் டி, ஏ தட்டச் சொல்லிப் பழகுங்கள். துணையில்லாமல் பழகிய வேகம் மேடையில் ஊர்ந்து போகும். மூன்றாவது ஸ்வரமான எஃப் ஏறிப்போனால் மைனர் நிறம் தொலைந்துவிடும். அதனால் அதைத் தாழ்வாகவே கேட்டுப் பிடியுங்கள்.

எட்டு வாரப் பயிற்சி இருந்தால் முதல் மூன்று வாரம் மெதுவாக, விரலமைப்பையும் வில் குறிகளையும் பென்சிலால் எழுதி முடியுங்கள். அடுத்த மூன்று வாரம் வேகம். கடைசி இரண்டு வாரம் போலித் தேர்வுகள்: கை சூடாகாத நிலையில், அந்நியர் முன்னால், சீட்டு குலுக்கி வரும் வரிசையில், ஒவ்வொன்றும் ஒரே முறை. ஒலிப்பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் மன்னித்துவிடுவீர்கள்.

ஐந்து தந்திக் கருவி வேண்டுமா, அதில் கீழே பி (30.9 ஹெர்ட்ஸ்) வேண்டுமா என்பதை அழைப்புக் கடிதத்தில் பாருங்கள். எழுதவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள்.

வேலையில் சேர்ந்த பின்

செக் தொழிலாளர் சட்டப்படி 2025 ஜூன் 1 முதல் சாதாரண ஊழியருக்குச் சோதனைக் காலம் 4 மாதம் வரை இருக்கலாம். அந்தக் காலத்தில் குழு பார்ப்பது உங்கள் தனி ஒலியை அல்ல. உங்களால் பிரிவின் ஒலிக்குள் கரைய முடிகிறதா என்பதை. முதல் ஸ்டாண்டில் இருப்பவரின் வில் திசையை ஒத்திகைக்கு முன்பே நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் புரட்டுவது உள்பக்கம் நிற்பவரின் வேலை. பென்சில் இல்லாமல் வருபவரை யாரும் திட்டமாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

ஈ தந்தியின் ஒரு அதிர்வுக்கே 24 மில்லி நொடி ஆகிறது. ஸ்வரம் ஸ்வரமாகக் கேட்க அதைப் போல சில அதிர்வுகள் தேவை. ஆகவே நடத்துநரின் கோல் இறங்கியதும் வாசித்தால் பாஸ் பின்தங்கியே கேட்கும். வில்லை முன்பே தந்தியில் வைத்திருந்து, செல்லோக்களின் மூச்சோடு சேர்ந்து, ஒரு இழை முன்னால் கடிக்க வேண்டும். த்வோர்ஷாக்கின் ஒன்பதாம் ஸிம்ஃபனியில் லார்கோ என்ற மெதுவான பகுதி, பாஸ்கள் மட்டும் பிரிந்து வாசிக்கும் டி-ஃபிளாட் மேஜர் கோர்ட்டோடு அடங்குகிறது. அங்கே ஒருவர் மூன்றாவது சுரத்தைக் கொஞ்சம் உயர்த்தினாலும் அரங்கு முழுவதும் கேட்டுவிடும். இத்தகைய இடங்களைப் பிரிவு மட்டும் தனியாக உட்கார்ந்து பழகும் வழக்கம் நல்ல குழுக்களில் உண்டு. இல்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

கற்பித்தல்

ஸூஷில் கற்பிக்க கன்சர்வேட்டரி முடித்திருந்தாலே சட்டப்படி தகுதி உண்டு. முழு வேலை என்றால் வாரம் 23 பாட நேரம். ஆர்கெஸ்ட்ராவில் இருப்பவர்கள் அதில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள். நாட்களைக் குறிக்கும்போது ஓபரா ஒத்திகை அட்டவணை மாதாமாதம் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். தவறிய பாடங்களை ஈடுகட்டும் நாளை ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியோடு பேசி வைத்தால் சண்டை வராது.

45 நிமிடப் பாடத்தில் புதிய படைப்புக்கு 15 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் வெற்றுத் தந்தியில் வில் மட்டும். பிறகு ஒரு ஸ்கேல், ஸிமாண்ட்ல் பொசிஷன் வரிசையில். செக் பாஸ் ஆசிரியர் ஃப்ரான்டிஷெக் செர்னீயின் எட்யூட்கள், ஸிமாண்ட்லின் முப்பது எட்யூட்கள் இரண்டும் கை விரிந்த பின்தான். அதற்கு முன் கொடுத்தால் மாணவர் ஸ்வரங்களை மனப்பாடம் செய்வார், கை கற்காது. மேடைக்கு ஹெர்ட்லின் சொனாட்டா, மீஷெக்கின் ஏ மேஜர் சொனாட்டா போன்றவை அப்ஸொலுடோரியத்துக்கு அருகில் வரும்போது போதும். போட்டி அனுபவம் தேவைப்படும் மாணவரைக் க்ரொம்யெர்ஜீஷில் நடக்கும் கிரெகோரா பாஸ் போட்டிக்கு அனுப்பலாம். பரிசு வராவிட்டாலும் பிற பள்ளிகளின் கை அமைப்பை ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு வருவார்.

குழந்தையின் கருவி அளவைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை: நின்ற நிலையில் அரை பொசிஷனில் 1-வது விரலும் 4-வது விரலும் சுருதியில் அமரும்போது மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். மடங்கினால் ஒரு அளவு சிறிய கருவி கொடுங்கள். மேல் நட் ஏறக்குறைய புருவ உயரத்தில் இருக்குமாறு, கருவியின் அடியில் தரையில் ஊன்றும் முள்ளின் நீளத்தை வையுங்கள். குழந்தை வளரும்; முள்ளின் மீது தேதியிட்ட ஒரு நாடாவை ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.